உவர் வயலில் இலை பார்த்தவள்

கல்முனை பஸாரில் எனக்கு ஒரு புடவைக்கடை இருக்கிறது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன் நான். பயிர்பச்சை பற்றிய என் அறிவு கோப்பைக்கு வருகிற சோற்றோடு முடிந்துவிடும். அப்படிப்பட்டவன் மழை குறைந்த காலத்து வெள்ளாமையான சிறுபோகம் ஒன்று முழுக்க, மத்தியானம் லுஹர் தொழுததும் கடையை வேலைக்கு நிற்பவரிடம் விட்டுவிட்டு, களப்போரத்து வயல் வரம்பில் நின்று நெல் இலைகளுக்குக் கிளிப் மாட்டினேன். என் மனைவிக்காகத்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். இளைய மகள் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருடம், ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டில் வைத்துச் சொன்னாள்.

"நான் மறுகாப் படிக்கப் போறன்."

"என்னத்த?"

"உப்புத் தண்ணியில நிக்கிற நெல்லு, வெயில வெச்சி எப்படிச் சாப்பாடு செய்யுது எண்டு."

"இதில படிக்க என்ன இரிக்கி? உப்புப் பட்டாக் கருகும்."

"கருகிறத்துக்கு முன்னுக்கு என்ன நடக்குது? அதத் தெரிஞ்சிக்கிட்டா கருகாத ஒண்டத் தேடலாந்தானே."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மாமி உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "புள்ள படிக்கட்டும் மருமகன். ஆக்கிறதக் காய்ச்சிறத நான் பாத்துக்கிறன்." எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. மாமியும் மகளும் ஒரு பக்கம் நின்றால் அந்த வீட்டில் வாக்கெடுப்புத் தேவைப்படாது.

அவள் சும்மா ஆசைக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. கடல் தண்ணீர் வந்து கலக்கும் களப்பை ஒட்டிய வயல்களுக்குச் சிறுபோகத்தில் நடப்பதை இங்கே எல்லோரும் கண்டிருக்கிறார்கள். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர்கள் பாய்ச்சி முடிய, கடைசிக் கண்டங்களுக்கு நல்ல தண்ணீர் அரைகுறையாகத்தான் வந்து சேரும். அந்த நேரம் பார்த்துக் களப்பில் இருந்து உவர் ஏறும். மண்ணுக்கு மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். கதிர் வெளிவர முந்திய குடலைப் பருவத்தில் நெல் அழகாக நிற்கும், பிறகு வெட்டிப் பார்த்தால் பதர். இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவளுக்கு அந்தக் காரணங்கள் எதுவும் போதவில்லை.

முதலில் எங்கள் வீட்டு மேல்தட்டில் வாளிகளை வைத்தாள். விதைக்காரர்களிடம் கேட்டு வாங்கிய ஐந்து இன நெல். இனங்களுக்கு நீளமான பெயர்கள் இருந்தன. என் வசதிக்காக வாளிகளில் பெயின்ட்டால் ஒன்று, இரண்டு என்று எழுதிவிட்டாள். நல்ல தண்ணீரில் கடல் தண்ணீரை அளந்து கலந்து ஊற்ற வேண்டும். கடல் தண்ணீர் கொண்டுவருவது என் வேலை. மோட்டார் சைக்கிளின் பின்னால் கேன்களைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது, வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன முதலாளி, வீட்டில உப்பு முடிஞ்சிட்டா?"

"இல்ல, பயிருக்கு ஊத்த."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு மிகவும் தன்மையாகக் கேட்டார். "பரிசாரி ஆரிட்டயும் மருந்து கேட்டீங்களா?"

அந்த வருடம் நோன்பு காலம் வாளிகளோடுதான் போனது. மத்தியான வெயிலில் கொங்கிறீட் தட்டு அடுப்பாய்க் கொதிக்க, அவள் வாய் காய்ந்து, ஒவ்வொரு வாளிக்கும் குனிந்து இலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் குறைத்து வாட விட்ட பயிர்கள் ஒரு பக்கம் நின்றன. "இதுகளும் நோன்போ?" என்று கேட்டேன்.

"அதுகளுக்குச் சஹரும் இல்ல, இப்தாரும் இல்ல. சும்மா கதைக்காம மத்த வாளிய இஞ்சால தள்ளுங்க."

அவளுடைய வேலையில் எனக்கு மெய்யாகவே மனம் போனது என் கடைக்குள்ளே நடந்த ஒரு விடயத்தால்தான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்தாள். கையில் ஒரு சின்னப் போத்தல். அதற்குள் கடும் பச்சையாக ஏதோ ஒரு சாறு. இலையை அரைத்து ஸ்பிரிட்டில் ஊறவிட்டு வடித்தது என்றாள். காசு மேசையில் கள்ளநோட்டுப் பார்க்க நான் வைத்திருக்கும் ஊதா விளக்கு வேண்டுமாம்.

"என்னத்துக்கு?"

"வாங்களன், காட்டிறன்."

உடுப்புப் போட்டுப் பார்க்கிற அறைக்குள் கூட்டிப்போனாள். அங்கே மின்குமிழை அணைத்துத் திரையையும் இழுத்துவிட்டால் நல்ல இருட்டு. வெளியே ஒரு பெண் அபாயா போட்டுப் பார்க்கக் காத்திருந்தார். "நீங்களும் வாங்க தாத்தா, ஒரு புதினம் பாருங்க," என்று அவரையும் உள்ளே இழுத்தாள். எங்கள் ஆட்களுக்கு அக்காதான் தாத்தா. நானும் அந்தப் பெண்ணின் கணவரும் வாசலில் இருந்து கழுத்தை நீட்டினோம். விளக்கைப் போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக எரிந்தது. கலியாண வீட்டு ரோஸ் சர்பத்துக்குள் யாரோ நெருப்பு வைத்ததுபோல. விளக்கை எடுத்தாள், பச்சை. மறுபடி கிட்டக் கொண்டுபோனாள், சிவப்பு.

"மாஷா அல்லாஹ்," என்றார் அந்தப் பெண். "இதுக்குள்ள சாயம் போட்டயா?"

"ஒண்டும் போடல்ல தாத்தா. இலைட பச்சை வெளிச்சத்தக் குடிக்கும். உசிரோட இரிக்கிற இலை அந்த வெளிச்சத்த வெச்சிச் சீனி செய்யும். மிச்சத்தச் சூடாக்கி வெளிய உடும். கொஞ்சூண்டுதான் இப்படிச் சிவப்பாத் திரும்பி வரும், கண்ணுக்குத் தெரியாது. நான் இத அரைச்சி, வேலை செய்யிற இடத்த எல்லாம் உடைச்சிட்டன். இப்ப வாங்கின வெளிச்சத்த என்ன செய்யிறதெண்டு தெரியாமத் திருப்பித் தருகுது."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "வயல்ல நிக்கிற இலையிலயும் இந்தச் சிவப்பு வரும். அத அளக்கத் தெரிஞ்சா, இலைக்குள்ள வேலை நடக்குதா நிண்டு போச்சா எண்டு வெட்டாமலே செல்லலாம். அதுக்கு ஒரு மெசின் இரிக்கி. நம்மட்ட இல்ல."

அந்தப் பெண் அபாயாவை மறந்துவிட்டு இன்னொரு முறை காட்டச் சொன்னார். என் மனைவி சலிக்காமல் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் எப்படி நிற்பாள் என்பதை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

மெசினை அவள் மேற்படிப்புக்குப் பதிந்திருந்த மலைநாட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகம் இரவலாகக் கொடுத்தது. அந்தப் போகத்துக்கு மட்டும். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். பஸ்ஸின் மேல்தட்டில் வைக்க மனமில்லாமல், வளைவெல்லாம் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினாள். மூத்த மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோதும் இதே முகத்தோடுதான் வந்திறங்கினாள்.

இதற்கிடையில் அந்த ஐந்து இனங்களும் வாளியில் இருந்து வயலுக்கு வந்திருந்தன. களப்புக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஊரைச் சேர்ந்த ஒருவர் தன் வாய்க்கால் கடைசிக் கண்டத்தைத் தந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளாமை இல்லாத காலத்தில் களப்பில் வலை வீசுகிறவர். கண்டத்தை ஐந்து துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஓர் இனம். அவள் அபாயாவின் கரையை ஊசி குத்தி உயர்த்திக்கொண்டு, பூட்ஸோடு சேற்றில் இறங்குவாள். அவர் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலை இப்படித்தான். இலையில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டி, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் வெயில் படாமல் கொஞ்ச நேரம் இருட்டாக்க வேண்டும். பிறகு மெசினை அதில் பொருத்தினால் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும், திரையில் ஓர் எண் விழும். நலமான இலை என்றால் அது முக்காலுக்குச் சற்று மேலே நிற்கும். இலை வருத்தப்பட்டால் இறங்கும். நான் கிளிப் மாட்டுகிறவன். ஒரு தடவை வெயில் கடுமையாக இருக்கிறதே என்று அவளுக்குக் குடை பிடித்தேன். "இலைக்கு நிழல் விழுது," என்று குடையைத் தட்டிவிட்டாள்.

கச்சான் காற்று தொடங்கியது. மேற்கில் இருந்து காய்ந்து வரும் அந்தக் காற்றில் எங்கள் ஊரில் மனிதர்களுக்கே உதடு வெடிக்கும். வயலுக்குப் போன ஒரு மத்தியானம் அந்தக் கண்டத்துக்காரர் யூரியாப் பையோடு வரம்பில் நின்றார். முகம் சரியில்லை.

"மிஸ், இந்த மூண்டாம் துண்டு முடிஞ்சுது. அடி இலையெல்லாம் எரிஞ்சு போய்க் கிடக்கு. கொஞ்சம் யூரியா எறிஞ்சாத்தான் எழும்பும்."

மூன்றாம் துண்டைப் பார்க்க எனக்கும் அப்படித்தான் இருந்தது. கீழே மஞ்சளும் காவியுமாய்ச் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் முதலாம் துண்டு கரும்பச்சையாய், படம் பிடித்துச் சுவரில் கொழுவலாம் என்பதுபோல நின்றது.

"எறியாதீங்க அண்ணன். இது உப்ப எல்லாம் பழைய இலைக்குள்ள தள்ளிட்டு அத உடுது. மேல் இலையப் பாருங்க, சுத்தமா இரிக்கி. இந்த முதலாம் துண்டுதான் எனக்குப் பயம்."

"பச்சையா நிக்கிறதுக்குப் பயம், எரிஞ்சு கிடக்கிறதுக்குப் பயமில்ல?"

"பச்சையா நிக்கிறதெல்லாம் வேலை செய்யுதெண்டு இல்ல."

மெசினை அவர் கையிலேயே கொடுத்து, இரண்டு துண்டிலும் மேல் இலையில் அளக்கச் சொன்னாள். எண்கள் இரண்டும் இறங்கித்தான் இருந்தன, மூன்றாவது கொஞ்சம் குறைவாக இறங்கியிருந்தது. அவர் திரையையும் பயிரையும் மாறி மாறிப் பார்த்தார். மெசினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"மெசினுக்கு வயிறு இல்ல மிஸ். எனக்கு இருக்கு."

நான் அவருக்கு ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். முகத்தில் கோபமோ அவசரமோ இல்லை. அவர் சொன்னதை உள்ளே வாங்கி வைத்து யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"மெய்தான் அண்ணன். வயல் உங்கட. அப்ப இப்படிச் செய்வமா? இந்தத் துண்டுக்கு நடுவுல ஒரு சின்ன வரம்பு போடுவம். பாதிக்கு நீங்க நினைக்கிற மாதிரி யூரியா எறிங்க. பாதிய எனக்கு உடுங்க. வெட்டேக்க ரெண்டு பேரும் பாப்பம்."

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக. "மிஸ் என்னயும் படிக்க வெக்கிறீங்க போல," என்று மண்வெட்டியை எடுத்தார். வரம்பு போட்டு முடியும் வரை அவளும் சேற்றில் நின்று மண் அணைத்தாள். எனக்கு அந்த இடம் இன்னும் மனதில் நிற்கிறது. கடையில் ஒரு வாடிக்கையாளர் என் துணியைக் குறை சொன்னால் நான் ஒன்றில் சூடாகிவிடுவேன், இல்லாவிட்டால் பணிந்துவிடுவேன். இவள் இரண்டையும் செய்யாமல், எதிர்த்துக் கதைத்தவரின் சந்தேகத்தையே தன் ஆராய்ச்சியில் ஒரு துண்டாக்கிவிட்டாள்.

மத்தியானம் அளப்பது பாதி வேலைதான் என்பது பிறகு தெரிந்தது. சுபஹு தொழுத கையோடு, வெயில் எழும்ப முன் மறுபடியும் போக வேண்டும். காரணத்தை மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து காற்றோடு காற்றாகச் சொன்னாள். கச்சான் வெயிலில் இலைக்குப் பெரிய நெருக்கடி. தண்ணீர் போய்விடும் என்று அது தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் காற்றில் இருந்து எடுக்க வேண்டியதும் உள்ளே வராது, சீனி செய்ய ஏலாது. ஆனால் வெயில் நிற்காது, கொட்டிக்கொண்டே இருக்கும். எடுத்த வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாமல் இலை தன்னைத்தானே எரித்துக்கொள்ளப் பார்க்கும். அதனால் அது வேலையைக் குறைத்து, வெளிச்சத்தைச் சூடாக்கி வெளியே தள்ளித் தப்பிக்கும்.

"அப்ப மத்தியானம் எண் விழுறது நோயில்லயா?"

"இல்ல. எல்லா இலையும் விழும். விடிய எழும்பி நிக்கிதா எண்டுதான் பாக்கணும். எழும்பினா அது தப்பிக்கத் தெரிஞ்ச இலை. எழும்பாட்டி உள்ளுக்கு உடைஞ்சிட்டுது."

"நல்ல வசனம்," என்றேன்.

"கடையில எழுதித் தொங்கப் போட்டுடாதீங்க. இலையப் பத்தி மட்டுந்தான் சென்னன்."

விடியப்புறத்துப் பனியில் வயல் வேறு மாதிரி இருந்தது. கொக்குகள் இன்னும் வரம்பில் தூங்கின. அவள் முதலாம் துண்டில் அளந்தாள். எண் எழும்பவில்லை. அந்தக் கரும்பச்சை இலைகள் நேற்று மத்தியானம் விழுந்த இடத்துக்குக் கிட்டவே கிடந்தன. மூன்றாம் துண்டுக்குப் போனாள். அடி எரிந்து கிடந்த அந்தப் பயிரின் மேல் இலைகள் எல்லாம், ஒவ்வொன்றாக, முக்காலுக்கு மேலே வந்து நின்றன. ஐந்தாம் துண்டும் அப்படியே எழும்பியிருந்தது. அடுத்த இலை, அடுத்த இலை என்று வரிசையாகப் போனாள். சூரியன் எழும்பியதும், "வாங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது," என்று வெளியே வந்தாள். பூட்ஸைக் கழற்றிச் சேற்றைத் தட்டும்போதுதான் கவனித்தேன், கண்கள் நிறைந்திருந்தன.

அந்தப் போகம் முழுக்க இப்படி ஓடினோம். விடியலில் வயல், பிறகு பள்ளிக்கூடம், மத்தியானம் மறுபடி வயல், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளின் பாடம். ஒரு நாளும் நான் அவளைச் சலித்துப் பார்க்கவில்லை. களைத்துப் பார்த்திருக்கிறேன். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே தூங்கிப்போன நாளும் உண்டு. மாமி அவள் கையில் இருந்த சோற்றுருண்டையை மெதுவாக எடுத்துவிட்டுத் தலையணை கொண்டுவந்து கொடுத்தார்.

அறுவடைக்கு என் கடையைப் பூட்டிவிட்டே போனேன். கண்டத்துக்காரர் முதலாம் துண்டில் ஒரு கதிரை உருவிக் கையில் தேய்த்து ஊதினார். பறந்து போனது முழுக்கப் பதர். இன்னொரு கதிர், அதுவும் அப்படி. பிறகு மூன்றாம் துண்டுக்கு நடந்தார். அங்கே உருவித் தேய்த்து ஊதியபோது உள்ளங்கையில் மணிகள் கிடந்தன. உவர் ஏறாத வயலில் விளைவதைப்போல இல்லை. ஆனால் அந்த மூலையில் சிறுபோகத்தில் அவர் கண்டதை விட எவ்வளவோ மேல். யூரியா எறிந்த பாதியிலும் எறியாத பாதியிலும் கதிர் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருந்தது. எறிந்த பாதியில் வைக்கோல்தான் கொஞ்சம் பச்சை.

"மாட்டுக்கு ஆகும்," என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் ஐந்தாம் துண்டு எங்களை ஏமாற்றிவிட்டது. விடியலில் எல்லாம் எழும்பி நின்ற இலைகள். எண்ணில் மூன்றாவதோடு போட்டி போட்ட இனம். ஊதிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். அவள் வரம்பில் குந்தி அந்தக் கதிர்களை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வியாபாரியின் புத்தியோடு கேட்டேன். "அந்த அஞ்சாவத உட்டுட்டு மத்ததச் சென்னாக் காணாதா?"

"அப்ப நான் படிச்சது என்ன?" என்றாள். கோபித்துச் சொல்லவில்லை. "இலை நல்லா இரிந்தும் மணி பிடிக்கல்ல எண்டா, இலைய மட்டும் பாத்தாக் காணாது எண்டு விளங்குதுதானே. அதத்தான் முதல்ல செல்லணும்."

சொன்னபடியே செய்தாள். பல்கலைக்கழக மண்டபத்தில் அவள் தன் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்த நாளில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் கண்டத்துக்காரர், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு. அவள்தான் வரச்சொல்லியிருந்தாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு அரைவாசி பிடிபட்டது, அவருக்கு அதுவும் இல்லை. திரையில் ஒரு படம் வந்தபோது என் கையைத் தட்டினார்.

"அது என்ட வரம்பெல்லோ?"

"ஓம். நீங்க போட்ட நடு வரம்பு."

அவர் நிமிர்ந்து இருந்தார். அவள் யூரியாப் பாதியைப் பற்றியும் சொன்னாள். அது வயல்காரரின் கேள்வி, அவரே செய்து பார்த்தது என்று சொன்னது எனக்கு விளங்கியது. அவருக்குச் சொன்னேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பரீட்சிக்க வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் ஐந்தாம் இனத்தைப் பிடித்துக்கொண்டார். ஏன் அப்படி நடந்தது என்று இரண்டு விதமாகத் திருப்பிக் கேட்டார். அவள் தண்ணீர் குடிக்கவில்லை, காகிதம் புரட்டவில்லை. எனக்கு இப்போது தெரியாது என்றாள். பூ விரியும் நேரம் கச்சான் வெயிலில் மகரந்தம் செத்திருக்கலாம், ஆனால் அதை நான் அளக்கவில்லை, அளக்காததைச் சொல்ல மாட்டேன் என்றாள். தலை குனியாமல், குரல் தாழாமல். அவ்வளவு பெரிய ஆட்களுக்கு முன்னால் நின்று ஒரு மனிதர் தெரியாது என்பதை இத்தனை நிமிர்ந்து சொல்லி நான் கேட்டதில்லை.

கண்டத்துக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "மிஸ் என்ன சொன்னவ?"

"அதுக்குக் காரணம் தெரியாதாம்."

"அப்ப மத்ததெல்லாம் மெய்தான்," என்றார்.

பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். பட்டம் கிடைத்தது. மாமி ஒரு சட்டி வட்டிலப்பம் செய்து கண்டத்துக்காரரின் வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். அடுத்த சிறுபோகத்தில் அவர் யாரும் கேட்காமலே அந்த உவர் மூலைக்கு மூன்றாம் இனத்தைத்தான் விதைத்தார். அடி இலை மஞ்சளானபோது பக்கத்து வயல்காரர் வந்து பயம் காட்டியிருக்கிறார். "உட்டுட்டு மேல் இலையப் பார்," என்று அவரைத் திருப்பி அனுப்பியதாக எங்களிடம் வந்து சொன்னார்.

என் மனைவி ஐந்தாம் இனத்தில் ஒரு சின்னத் துண்டு மட்டும் மறுபடி போட்டிருக்கிறாள். இப்போது மெசின் கையில் இல்லை, ஒரு பூதக்கண்ணாடியும் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியும்தான். நெல்லுப் பூ காலையில் கொஞ்ச நேரந்தான் விரியுமாம், அதற்குள் மகரந்தத்தைப் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். நாளைக்கு லீவு போட்டிருக்கிறாள். கடையை யாரிடம் விடுவது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.